திரை விலகாத முகம்

கடந்த தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்த பின்னர், பென்னாகரத்தில் நம் பங்கு வளாகத்துச் சுவரில் இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டி, 'பென்ஹர்' திரைப்படத்தைக் காட்டினோம். 1959ஆம் ஆண்டின் படம். 212 நிமிடங்கள் ஓடுவது. ஏழு மணிக்குத் தொடங்கினாலும் பதினொரு மணியைத் தொட்டுவிடும் என்பதால் நடுவே சுக்குக் காப்பிக்கும் ஏற்பாடு செய்திருந்தோம். ஆங்கில உரையாடல் எல்லார்க்கும் எட்டாது என்று, படத்தை அங்கங்கே நிறுத்திக் கதையைத் தமிழில் சொல்லும் பொறுப்பை நாமே ஏற்றோம். கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை அது. நமக்கு அவனுடைய நகைச்சுவை வாய்க்கவில்லை என்பதுதான் குறை.

முதல் இரண்டு மணி நேரமும் இளைஞர்கள் சுற்றுச்சுவரின்மேல் அமர்ந்து கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அரங்கத்து மணலில், நான்கு நான்கு குதிரைகள் பூட்டிய ஒன்பது தேர்கள் அணிவகுத்து வந்தபோது அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி முன்னே வந்தார்கள். பந்தயம் முடிந்ததும் எழுந்த சீழ்க்கை ஒலி கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும். "இன்னொரு தடவை போடுங்க சார்" என்றார்கள். போட்டோம். இரண்டாம் முறையும் மெசாலா குதிரைக் குளம்புகளின் கீழ் விழுந்தான்; அத்துடன் பாதிப்பேர் வண்டிகளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்கள். படத்தில் இன்னும் முக்கால் மணி நேரத்திற்கு மேல் மீதம் இருந்தது. கிறிஸ்து சிலுவை சுமப்பதும், தொழுநோயுற்ற இரு பெண்கள் குணம் பெறுவதும், யூதா பென்ஹரின் கையிலிருந்த கண்ணுக்குத் தெரியாத வாள் நழுவிப்போவதும் அந்த மீதியில்தான் வருகின்றன. அவற்றை வயது முதிர்ந்த பெண்களும், உறங்கிவிட்ட குழந்தைகளும், கூத்து வாத்தியார் ஒருவரும், நாமும் பார்த்து முடித்தோம்.

போன இளைஞர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. மாணவப் பருவத்தில் சேலத்துக்குப் பேருந்தேறிப் போய், திரையரங்கு ஒன்றில், மீண்டும் வெளியிடப்பட்ட இதே படத்தை நாம் முதன்முறை கண்டோம். ஊர் திரும்பிய பின் பல வாரங்கள் நண்பர்களுக்குச் சொல்லி மகிழ்ந்தது எதை? மெசாலாவின் தேர்ச்சக்கரத்தில் சுழன்ற இரும்புப் பற்களை. அவை எதிரித் தேரின் ஆரக்கால்களை எப்படி அரைத்துத் தள்ளின என்பதைக் கையசைவோடு நடித்துக்காட்டினோம். கல்வாரியைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாக நினைவில்லை. ஆகவே இக்கேள்வி நம்மை நோக்கியதும் ஆகும்: உரோமைப் பேரரசைப் பின்புலமாகக் கொண்ட இப்பெரும்படங்கள் அறுபது, எழுபது ஆண்டுகள் கடந்தும் நம்மை ஈர்ப்பதற்குக் காரணம் அவை போற்றுவதாகச் சொல்லும் சிலுவையா, பழிப்பதாகச் சொல்லும் பேரரசா?

இப்படங்கள் பிறந்த சூழல் பலரும் அறிந்ததே. ஐம்பதுகளில் அமெரிக்க இல்லங்களுக்குள் தொலைக்காட்சி நுழைந்தது. வீட்டுக் கூடத்தின் சிறு பெட்டிக்குள் அடங்காத ஒன்றைக் காட்டினால்தான் மக்கள் திரையரங்குக்கு வருவார்கள் என்ற நிலை ஏற்பட்டது. 1951இல் 'குவோ வாடிஸ்', 1953இல் சினிமாஸ்கோப் முறையில் வெளியான முதல் கதைப்படமாகிய 'தி ரோப்', 1959இல் 'பென்ஹர்', 1960இல் 'ஸ்பார்ட்டகஸ்', 1963இல் 'கிளியோபாட்ரா', 1964இல் 'தி ஃபால் ஆஃப் தி ரோமன் எம்பயர்' என்று உரோமை அடுத்தடுத்துத் திரையில் எழுந்து, இறுதியில் தன் பாரத்தாலேயே சரிந்தது. 'குவோ வாடிஸ்', 'பென்ஹர்' இரண்டும் உரோமை நகரின் சினேசித்தா படப்பிடிப்பு வளாகத்தில் உருவானவை. அவ்வளாகத்தை 1937இல் திறந்துவைத்தவர் முசோலினி; பழைய உரோமைப் பேரரசைத் திரும்பக் கட்டிவிடலாம் எனக் கனவு கண்டவர். அவர் கட்டிய இடத்திலேயே அமெரிக்கர்கள் வந்து, பேரரசுகள் நிலையா எனச் சொல்லும் கதைகளைப் பெரும்பொருள் செலவில் எடுத்தார்கள்.

அப்படிச் சொல்லும்போதே அப்படங்களுக்குள் ஒரு பிளவு நேர்ந்துவிடுகிறது. 'குவோ வாடிஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். போலந்து நாட்டின் ஹென்ரிக் சியென்கியேவிச் 1896இல் நூலாக வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. அந்த ஆசிரியர்க்கு மறைசாட்சிகளின்மேல் இருந்த பற்று உண்மையானது. படத்திலோ நெஞ்சில் நிற்பவர் நீரோவாக வரும் பீட்டர் உஸ்தினோவ் ஒருவரே. அவரது சிணுங்கல், அச்சம், தன் பாட்டைத் தானே வியந்துகொள்ளும் அசட்டுத்தனம் ஆகிய யாவும் உயிருள்ளவை. அரங்கத்தில் பாடிக்கொண்டே சாகும் கிறிஸ்தவர்கள் ஆலயத்து வண்ணக் கண்ணாடியில் தீட்டிய உருவங்கள் போல நிற்கின்றனர். ஒளிப்பதிவாளரின் திறமை, தையற்காரரின் உழைப்பு, தச்சர்களின் வியர்வை யாவும் நீரோவின் பக்கமே கொட்டப்பட்டிருக்கின்றன. கதை ஒரு பக்கம் சாய, கண் மறுபக்கம் சாய்கிறது.

நம் நாட்டில் இது எளிதில் விளங்கும். பென்னாகரம் கடைவீதியில் தேர்தல் காலத்தில் நின்று பார்த்தவர்க்கு உரோமை வெற்றி ஊர்வலத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தோரண வாயில்கள், ஆளுயரத்தைப் போல் பத்து மடங்கு நிற்கும் உருவப் பலகைகள், மேளம், மலர் மழை, வண்டியின் மேல் நின்று கைகூப்பி வரும் ஒருவர். நாமும் ஓரமாக நின்று, விலைவாசியைப் பற்றி முணுமுணுத்தபடியே, அந்த வண்டி அருகில் வரும்போது எட்டிப் பார்க்கிறோம். திரையில் உரோமைப் படைகள் எருசலேமுக்குள் நுழையும் காட்சியிலும் நாம் எட்டித்தான் பார்க்கிறோம்.

உரோமை தமிழர்க்குத் திரைப்படத்தின் வழியாக மட்டும் வந்ததும் அன்று. தமிழகத்தில் கிடைத்துள்ள உரோமை வெள்ளிக் காசுகளில் அகஸ்துஸ், திபேரியு ஆகிய இருவருடைய காலத்துக் காசுகளே மிகுதி. கொங்கு மண் அவற்றைப் புதையல் புதையலாகத் தந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி வருந்தி எழுதினார். வரி செலுத்துவது முறையா எனக் கேட்டவர்களிடம் இயேசு வாங்கிப் பார்த்த காசு திபேரியுவின் வெள்ளிக் காசாகவே இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பேரரசனின் அதே முகம், மிளகுக்கு விலையாக, நம் பக்கத்து மாவட்டங்களின் மண்ணுக்குள்ளும் கிடந்திருக்கிறது. பின்னர், அம்பு பாய்ந்த உடலோடு மரத்தில் கட்டுண்டு நிற்கும் உரோமைப் படைவீரர் புனித செபஸ்தியார் நம் சிற்றூர்க் கெபிகளுக்கு வந்தார். திராயான் காலத்துத் தளபதி எனப்படும் எஸ்தாக்கியாரின் கதை ஈழத்துக் கத்தோலிக்கர் நடுவே நாட்டுக்கூத்தாக விடிய விடிய ஆடப்பட்டது. 1969இல் வெளியான 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆர். சிங்கத்தோடு மோதியதும், 1970இல் 'சொர்க்கம்' படத்தில் சிவாஜி கணேசன் சீசர் வேடம் பூண்டதும் இந்த நெடிய வரிசையின் பின்பகுதி எனலாம்.

ஆயினும் இப்படங்களை நம்மவர் கண்ட கண்ணைப் பழக்கியது வேறொன்று. தருமபுரிச் சீமை தெருக்கூத்துச் சீமை. திரௌபதி அம்மன் விழாவில் பாரதக் கதை நாள்தோறும் படிக்கப்பட்டு, இரவுதோறும் ஆடப்பட்டு, பதினெட்டாம் போரில் முடியும். அங்கே யாருக்கு மிக விரிவான வரவு? தருமனுக்கன்று, துரியோதனனுக்கு. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் அவன் ஆடத் தொடங்குவான். மேலே கிரீடத்தின் நுனியும், கீழே சலங்கை கட்டிய காலும் மட்டுமே தெரியும். பாட்டு ஏற ஏற, மிருதங்கமும் முகவீணையும் ஏற ஏற, திரை அசையும், விலகாது. பார்ப்பவர் பொறுமையின் எல்லைக்கு வந்த கணத்தில் திரை விலகும். புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மின்ன, மன்னன் சுழன்று சுழன்று களத்தை நிறைப்பான். அவன் அழியப்போகிறவன் என்பது குழந்தைக்கும் தெரியும். அவனுடைய அழகை ஒருவரும் மறுக்கமாட்டார்கள்.

நம்முடன் 'பென்ஹர்' பார்த்த வாத்தியார் முப்பது ஆண்டுகளாகத் துரியோதனன் வேடம் கட்டியவர். மெசாலா முதன்முதலில் வாசலில் தோன்றிய காட்சியிலேயே அவர் நம் பக்கம் சாய்ந்து, "வேசம்னா இதுதான் சார் வேசம்" என்றார். ஸ்டீபன் பாய்ட் என்னும் அந்நடிகரின் பெயர் அவருக்குத் தெரியாது. நாயகன் சார்ல்டன் ஹெஸ்டனைப் பற்றி அவர் சொன்னது, "கல்லு மாதிரி நிக்கிறாரு" என்பது. குறையாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்பது விளங்கவில்லை. நமக்கு இரண்டாகவும் படுகிறது.

கதையின் கட்டும் நம்மவர்க்குப் பழக்கமானதே. யூதா பென்ஹர் எருசலேமின் செல்வக்குடி இளவரசன். மெசாலா அவனோடு வளர்ந்த உரோமை நண்பன். ஆட்சியாளனுக்கு எதிரானவர்களைக் காட்டிக்கொடு என்று மெசாலா கேட்க, யூதா மறுக்கிறான். வீட்டுக் கூரையிலிருந்து தவறி விழுந்த ஓடு ஒன்று புதிய ஆளுநரைக் காயப்படுத்த, அதனைச் சாக்காக்கி மெசாலா நண்பனைத் துடுப்புக் கப்பலுக்கும், அவனுடைய தாயையும் தங்கையையும் இருட்டறைக்கும் அனுப்புகிறான். திரும்பி வருவேன் என யூதா சூளுரைக்கிறான். அவிழ்த்த கூந்தலோடு திரௌபதி உரைத்த சூளைக் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு இங்கே விளக்கவுரை தேவையில்லை. நாம் படத்தை நிறுத்தாமலே விட்ட இடங்களுள் இது ஒன்று. (உரோமைக் கடற்படையில் துடுப்பு வலித்தவர் பெரும்பாலும் அடிமைகள் அல்லர், கூலி பெற்ற சுதந்திர மனிதர்களே என்கிறது வரலாறு. அதை அன்றிரவு நாம் யார்க்கும் சொல்லவில்லை.)

இனித் தேர்ப்பந்தயத்தைப் பார்ப்போம். திரையில் அது ஏறக்குறைய ஒன்பது நிமிடம். பதினெட்டு ஏக்கர் பரப்பில் எழுப்பிய அரங்கத்தில் அதனை இயக்கியவர்கள் ஆண்ட்ரூ மார்ட்டன், யாக்கிமா கனுட் ஆகிய இருவர். படத்தின் இயக்குநர் வில்லியம் வைலர் அல்லர். மிக்லோஸ் ரோஷாவின் இசை படம் முழுவதும் பெருக்கெடுத்து ஓடுகிறது. தேர்கள் அணிவகுக்கும்போதும் எக்காளம் முழங்குகிறது. பந்தயம் தொடங்கியவுடன் இசை அற்றுப்போகிறது. குளம்பொலியும், சக்கரத்தின் உராய்வும், சாட்டையும், மக்களின் இரைச்சலுமே எஞ்சுகின்றன. இன்ன உணர்ச்சி கொள்ளுங்கள் என்று நமக்குச் சொல்ல அங்கே எவரும் இல்லை. ஆதலால் நாமே அரங்கத்தில் அமர்ந்துவிடுகிறோம். எதிரி சாக வேண்டும் என்று கத்தும் அந்தக் கூட்டத்தின் குரலும் நம் குரலும் வேறு வேறாக இல்லை. எழுபதுகளின் திரையரங்கத்திலும் கத்தினோம். கடந்த தவக்காலத்தில், சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் முழந்தாளிட்டு முடித்த ஒரு மணி நேரத்திற்குள், உள்ளுக்குள் கத்தினோம்.

வென்றவன் படியேறிச் செல்கிறான். வெற்றி மாலையைத் தலையில் சூட்டுபவன் யார்? போந்து பிலாத்து. அதே கை, கதையின் பிற்பகுதியில், வேறொருவரைப் படைவீரர்களிடம் ஒப்புவிக்கப்போகிறது. அவர் தலைக்கு முள்முடி காத்திருக்கிறது. எவ்வித அழுத்தமும் இன்றி இயக்குநர் இதனைக் கடந்துபோகிறார். நாமோ அந்த நேரத்தில் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து வரும் காட்சியே படத்தின் நடு அச்சு என்பது நம் எண்ணம். நசுங்கிய உடலோடு மெசாலா கிடக்கிறான். கால்களை வெட்டினால் பிழைக்கலாம் என்கிறார்கள். யூதாவின் முன் பாதி உடலோடு கிடக்கமாட்டேன் என்று காத்திருக்கிறான். யூதா வந்ததும், இறந்துவிட்டதாக அவன் எண்ணியிருந்த தாயும் தங்கையும் தொழுநோயாளர் பள்ளத்தாக்கில் இருப்பதைச் சொல்கிறான். பந்தயம் இன்னும் முடியவில்லை என்பதையும் உணர்த்திவிட்டுச் செத்துப்போகிறான். சூள் நிறைவேறிவிட்டது, எதிரி மாண்டுவிட்டான், கையில் கிடைத்தது ஒன்றுமில்லை. யூதாவின் முகம் அதன்பின் மெசாலாவின் முகத்தைப் போலவே இறுகிப்போவதை எஸ்தர் கண்டு சொல்கிறாள். பொழுதுபோக்குக்காக எடுக்கப்பட்ட படம் ஒன்று, தான் பார்வையாளர்க்கு வழங்கிய உச்ச இன்பத்தையே மறுநிமிடம் கையிலிருந்து பறித்துக்கொள்கிறது. இதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். வண்டியைக் கிளப்பிய இளைஞர்கள் எதற்கு முன்னால் எழுந்து போனார்கள் என்பதை எண்ணும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் இருந்திருந்தால், அவர்கள் அடித்த சீழ்க்கைக்குப் படமே விடை சொல்லியிருக்கும்.

கூத்தும் இதை அறியாததன்று. படுகளத்தில், மண்ணால் சமைத்த துரியோதனனின் நெடிய உருவம் தரையில் கிடக்கும். தொடை பிளக்கப்படும், திரௌபதி கூந்தல் முடிப்பாள். அத்துடன் கூட்டம் கலைவதில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைப்பாள். விடிந்த வெயிலில், இரவெல்லாம் பாண்டவர் பக்கம் நின்ற பெண்கள் பலரும் அவளோடு சேர்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறோம். வெற்றிக்குப் பின்னும் ஒரு காட்சி உண்டு என்பதை அம்மண்ணில் கிடப்பவனைக் கொண்டே கற்பித்துவிட்டார்கள் நம் முன்னோர்.

ஆனால் 'பென்ஹர்' படத்தின் கடைசிப் பகுதி கலைவகையில் தளர்ந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. மெசாலா போன பின் யூதாவுக்கு எதிரே நிற்கத்தக்க ஓர் ஆள் இல்லை. தொழுநோயாளர் பள்ளத்தாக்குக்கு ஒருமுறை போவதே போதும். திரும்பத் திரும்பப் போகிறார்கள். சிலுவையடியில் எழும் புயலும் மின்னலும் நாடகக் கொட்டகையின் தகரத் தாளை நினைவூட்டுகின்றன. நோய் நீங்கும் காட்சியில் இசை நம் தோளைப் பிடித்து உலுக்குகிறது. பந்தயத்தில் இசையைத் துறக்கத் தெரிந்த படம், புதுமை நிகழும் இடத்தில் அதைத் துறக்க அஞ்சியது ஏன்? அந்த இரவில் முதிய பெண்கள் கண்ணீர் விட்டார்கள் என்பது உண்மை. நமக்குக் கண் நனையவில்லை. நனைந்தது வேறோர் இடத்தில்.

படத்தின் முற்பகுதியில் அக்காட்சி வருகிறது. சங்கிலியில் பிணைத்த கைதிகள் வெயிலில் நடத்திச் செல்லப்பட்டு நாசரேத்து என்னும் சிற்றூரை அடைகிறார்கள். குதிரைகளுக்கும் வீரர்களுக்கும் தண்ணீர். மற்றக் கைதிகளுக்கும் கிடைக்கிறது. யூதாவுக்கு மட்டும் கூடாது என்கிறான் காவல் தலைவன். யூதா மண்ணில் சாய்கிறான். ஒரு கை நீரை அள்ளி வந்து அவன் முகத்தில் ஊற்றுகிறது, தலையைத் தாங்கிக் குடிக்கச் செய்கிறது. கை மட்டுமே தெரிகிறது. பிறகு முதுகு, தோளில் விழும் முடி. காவல் தலைவன் சினந்து வருகிறான். தண்ணீர் கொடுத்தவர் எழுந்து நிற்கிறார். நமக்கு அவருடைய முதுகுதான். எதிரே காவல் தலைவனின் முகம். அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறான், சொல் வரவில்லை. பார்க்கிறான். திரும்பிக்கொள்கிறான். மறுபடியும் பார்க்கிறான். எதைக் கண்டான் என்பது படம் முடியும்வரை நமக்குக் காட்டப்படுவதில்லை.

கிறிஸ்துவின் முகத்தை மறைப்பது வைலர் கண்டுபிடித்த முறை அன்று. லூ வாலஸ் என்னும் அமெரிக்க உள்நாட்டுப் போர்த் தளபதி 1880இல் வெளியிட்ட புதினத்தை 1899இல் நியூயார்க் மேடையில் ஏற்றியபோது, ஓடும் பட்டையின் மேல் உண்மைக் குதிரைகளை ஓடவிட்டார்கள். கிறிஸ்துவை மட்டும் ஓர் ஒளிக்கற்றையாகவே காட்டினார்கள். 'தி ரோப்' படத்திலும் முகம் இல்லை. ஆனால் அங்கே முகம் இல்லாத இடத்தை வசனம் நிரப்புகிறது. சிலுவையடியில் சூதாடிப் பெற்ற அங்கியைத் தொட்ட ரிச்சர்ட் பர்ட்டன் அலறுவதும் துடிப்பதுமாக, நாம் உணர வேண்டியதையெல்லாம் அவரே உணர்ந்து தீர்த்துவிடுகிறார். நாசரேத்துக் காட்சியில் வைலர் அப்படி எதையும் நிரப்பவில்லை. அல்சாசில் பிறந்த யூதர் அவர். 1925இல் வந்த பேசாப்பட 'பென்ஹர்' தயாரிப்பில் உதவியாளருள் ஒருவராக இருந்தவர். ஒரு முகத்தைப் பற்றிச் சொல்ல, அதைக் காணும் இன்னொரு முகம் போதும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

நம்மவர்க்கு இந்த மறைப்பு எளிதன்று. நாம் தரிசனத்தில் வளர்ந்தவர்கள். கோயிலுக்குப் போகிறவர் முகத்தைக் காணப் போகிறார். நாமும் சுரூபத்தின் முகத்தை நோக்கியே மெழுகுதிரி ஏற்றுகிறோம். 1978இல் தெலுங்கில் எடுக்கப்பட்ட 'கருணாமயுடு', விஜயசந்தரின் முகத்தைக் கிறிஸ்துவின் முகமாக நம் சிற்றூர்கள்தோறும் கொண்டுசென்றது. தமிழிலும் பேசிய அப்படத்தைத் துணித்திரையில் கண்டு கைகூப்பியவர் எண்ணற்றோர். அதைக் குறைத்துச் சொல்லமாட்டோம். ஆயினும், முகம் காணத் துடிக்கும் கூட்டத்தின் முன் அந்த முகத்தை மறைத்தால் துடிப்பு எங்கே போகும்? கூத்துத் திரையின் பின்னால் சலங்கை ஒலிக்கும்போது எழுகிறதே, அந்தத் தவிப்பு, அது அப்படியே நின்றுவிடுகிறது. துரியோதனனுக்குத் திரை விலகிவிடுகிறது. நாம் கண் நிறையப் பார்த்துவிடுகிறோம். 'பென்ஹர்' படத்தில் உரோமைக்குத் திரை முழுவதும் விலகியிருக்கிறது: அதன் பளிங்கும், தேரும், பிலாத்தின் மோதிரமும் ஒன்றுவிடாமல் தெரிகின்றன. மற்றவருக்குத் திரை கடைசிவரை விலகுவதில்லை. பேரரசைப் பார்த்து முடித்துவிட்டோம். அவரைப் பார்த்து முடிக்கவில்லை. இப்படத்திற்கு நாம் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம் என்று இப்போது எண்ணுகிறோம். தேரைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டுதான் வருகிறோம்.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. 2016இல் 'பென்ஹர்' கதையைப் புதிதாக எடுத்தார்கள். அதில் இயேசுவின் முகம் தெரிகிறது. அவர் தச்சுவேலை செய்தபடி நல்ல கருத்துகளைப் பேசுகிறார். மெசாலாவும் சாகவில்லை, நண்பர்கள் இருவரும் இறுதியில் தழுவிக்கொள்கிறார்கள். மன்னிப்பு அங்கே மிக மலிவாகக் கிடைத்துவிடுகிறது. படம் வந்த சுவடு தெரியாமல் போயிற்று. 2000ஆம் ஆண்டின் 'கிளாடியேட்டர்' நன்கு எடுத்த படமே. 1964ஆம் ஆண்டுப் படம் சொல்லித் தோற்ற மார்க்கஸ் அவுரேலியஸ், கம்மோடஸ் கதையையே எடுத்துக்கொண்டு அது வென்றது. 2024இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. பழிவாங்கி முடித்த நாயகன் இறந்து, தன் கோதுமை வயலுக்குப் போய்ச்சேர்கிறான். நமக்கும் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அங்கே பழி தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வதில்லை. பந்தயம் முடிந்துவிடுகிறது.

'ஸ்பார்ட்டகஸ்' வேறு வகை. கிறிஸ்து பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முந்திய கதை. அதில் அவருக்கு இடமே இல்லை. ஹோவர்ட் ஃபாஸ்டின் புதினம். கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கப்பட்டிருந்த டால்டன் ட்ரம்போவின் திரைக்கதை. அதில் ட்ராபா என்னும் கறுப்பின அடிமை, உயர்குடியினர் சிலரின் பொழுதுபோக்குக்காக ஸ்பார்ட்டகஸுடன் மோதி வெல்கிறான். கொல்லச் சொல்கிறார்கள். அவன் சூலத்தைக் கீழே கிடப்பவனை விட்டுத் திருப்பி, மேலே அமர்ந்து வேடிக்கை பார்ப்பவர்களை நோக்கி எறிந்துவிட்டு, அவர்களை நோக்கியே ஏறிச்சென்று உயிர்விடுகிறான். மற்ற அடிமைகள் காணும்படி அவன் உடலைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். முடிவில் அப்பிய நெடுஞ்சாலை முழுவதும் சிலுவைகள்; ஆறாயிரம் பேர் என்பது வரலாற்றுக் கணக்கு. பக்திப்படம் எனப் பெயர் வாங்கிய பலவற்றைக் காட்டிலும் இப்படத்தைத் தவக்காலத்தில் காட்டலாம் என்று நாம் சொன்னபோது பங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் சொல்வோம்.

அன்றிரவு படம் முடிந்தபோது மணி பதினொன்றரை. கடைசிக் காட்சியில் மலைமேல் வெறுமையான மூன்று சிலுவைகள் நிற்க, ஆயன் ஒருவன் தன் மந்தையை ஓட்டிச் செல்கிறான். துணியை அவிழ்க்க ஆள்கள் வந்தார்கள். உறங்கிய குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்கள் கிளம்பினார்கள். வாத்தியார் எழுந்திருக்கவில்லை. மெசாலா வேடத்தைப் பற்றி ஏதேனும் சொல்வார் என்று அருகில் போனோம்.

"அந்தத் தண்ணி குடுக்கிற எடத்துல ஒரு காவக்காரன் வந்து நின்னானே," என்றார். "அதை மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா சார்?"

துணியைப் பாதி அவிழ்த்திருந்தார்கள். மீதிப் பாதியில் போட்டோம்.